தேவதையா, மனுஷியா? நிர்வாண ஓவியங்களைத் தேடி ஒரு பயணம்

சனி, புளோரன்ஸ்

ஆர்னோ ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் சாந்தா மரியா தெல் கார்மினே தேவாலயத்தின் முகப்பு இன்றுவரை முடிக்கப்படாத வெறும் கல்சுவர்தான். தெருவோடு போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். உள்ளே வலப்பக்கக் கோடியில் பிரான்காச்சி சிற்றாலயம். ஒரு நேரத்தில் கொஞ்சம் பேரைத்தான் விடுகிறார்கள், அதுவும் அளந்த நேரத்துக்கு. அதனால் நுழைந்ததும் நேராக இடது தூணுக்குப் போய் அண்ணாந்து நின்றுவிட்டேன். 1425 வாக்கில், இருபதுகளில் இருந்த மசாச்சோ வரைந்த சுவரோவியம் அது. ஏதேன் தோட்டத்திலிருந்து ஆதாமையும் ஏவாளையும் துரத்துகிறார்கள்.

ஆதாம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறான். உடம்பை மூட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. விம்மி அழுகிறவனுக்கு வயிறு உள்ளே இழுக்குமே, அந்த இழுப்பு விலா எலும்புக்குக் கீழே ஒரு நிழலாக விழுந்திருக்கிறது. ஏவாள் ஒரு கையால் மார்பையும் இன்னொரு கையால் கீழேயும் மறைக்கிறாள், முகத்தை மேலே தூக்கி வாய்விட்டு அலறுகிறாள். கிட்டப் போய்ப் பார்த்தால் கண் என்று தனியாக எதுவும் வரையப்படவில்லை, இரண்டு கருமையான தீற்றல்கள், அவ்வளவுதான். அவள் கைகள் இருக்கும் நிலை, ரோமானியக் காதல் தெய்வமான வீனஸின் பழைய சிலைகளிலிருந்து எடுத்தது. சிலையில் அது நளினம், இங்கே அது அவமானம். கையை இம்மியும் நகர்த்தாமல் பொருளை மட்டும் மாற்றிவிட்டார் மசாச்சோ.

இந்த ஓவியத்தின் மேல் 1680 வாக்கில், மூன்றாம் கோசிமோ மெடிசி ஆண்ட காலத்தில், இலைகளை வரைந்து இடுப்பை மறைத்தார்கள். 1980களில் நடந்த பெரிய சீரமைப்பில்தான் அவை நீங்கின. அதாவது முந்நூறு வருடம் வந்து போனவர்கள் எல்லாம் இலையோடுதான் இந்த அழுகையைப் பார்த்திருக்கிறார்கள்.

எதிர்த் தூணில் மசோலினோ வரைந்த ஆதாம் ஏவாள், பாவம் செய்வதற்கு முன்னால். சீரான உடம்பு, அமைதியான முகம், ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கே ஆள் இல்லை. இந்த இரண்டு தூண்களுக்கும் நடுவே நின்றபோதே இந்தப் பயணத்தில் நான் எதைப் பார்க்கப் போகிறேன் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. உடம்பு எவ்வளவு தெரிகிறது என்பதை விட, அந்த உடம்புக்குள் ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் எனக்கு முக்கியம். மறைக்கச் சொன்னவர்களுக்கும் அதுதான் உறுத்தியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஞாயிறு, புளோரன்ஸ்

உஃபிஸி கலைக்கூடம். போட்டிச்செல்லியின் 'வீனஸின் பிறப்பு' முன்னால் நிற்கிற கூட்டத்தில் படத்தைப் பார்ப்பதற்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். 1480களின் நடுவில் வரைந்தது, கிட்டத்தட்ட 2.8 மீட்டர் அகலம். மேலே சிப்பியில் நிற்கிறவளின் கழுத்தும் தோளும் உடற்கூறுப்படி பார்த்தால் நிற்கவே முடியாதவை. இடது தோள் அப்படியே வழிந்து கையாகிவிடுகிறது. நிற்கிற தோரணையைப் பார்த்தால் அடுத்த நொடி சாய்ந்துவிடுவாள். அது ஒரு பிழையாகத் தோன்றவே இல்லை. இது மனித உடம்பே இல்லை, ஒரு கோடு, ஓடிக்கொண்டே இருக்கிற ஒரே கோடு. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் இவள் தேவதை, நம்மை நேராகப் பார்ப்பதும் இல்லை.

அப்புறம் டிஷியனின் 'உர்பினோவின் வீனஸ்'. 1538. இந்தப் படத்துக்காகத்தான் இன்றைய காலையையே ஒதுக்கியிருந்தேன். சிவப்பு மெத்தையின் மேல் கசங்கிய வெள்ளை விரிப்பு, அதில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் பெண், கையில் ரோஜாப் பூக்கள், காலடியில் சுருண்டு தூங்கும் நாய்க்குட்டி. பின்னால் ஒரு பணிப்பெண் மரப்பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடுகிறாள், இன்னொருத்தி பக்கத்தில் நிற்கிறாள். துணி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சிப்பி இல்லை, கடல் இல்லை, மன்மதன் இல்லை. ஒரு வீடு, ஒரு காலை நேரம். அவளோ நம்மை நேராகப் பார்க்கிறாள், கொஞ்சமும் பதற்றமில்லாமல்.

இதை வாங்கிய, உர்பினோ ஆளும் குடும்பத்து வாரிசான குயிதோபால்தோ தெல்லா ரோவெரே, வெனிஸில் இருந்த தன் ஆளுக்கு எழுதிய கடிதத்தில் 'அந்த நிர்வாணப் பெண்' என்றுதான் குறிப்பிட்டார். வீனஸ் என்ற பெயர் அவர் கடிதத்தில் இல்லை. முப்பது வருடம் கழித்து, 1568இல், ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி அவளை வீனஸ் ஆக்கிவிட்டார். அதற்கப்புறம் நூற்றாண்டுகளாக யாரும் சங்கடப்படாமல் இந்தப் படத்தைப் பார்க்க முடிந்தது. பெயர் ஒரு அனுமதிச் சீட்டாக வேலை செய்திருக்கிறது என்பதை இந்தப் பெண்ணின் முகத்துக்கு எதிரே நிற்கும்போது நன்றாகவே புரிகிறது.

செவ்வாய், ரோம்

வாடிகன் அருங்காட்சியகத்தின் நீண்ட தாழ்வாரங்களைப் பற்றி எழுதப் போவதில்லை, நடந்துகொண்டே இருக்க வேண்டும், கடைசியில் சிஸ்டைன் சிற்றாலயம் வரும். படம் எடுக்கக் கூடாது, சத்தமும் கூடாது. காவலர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். எல்லாரும் கூரையைப் பார்க்கிறார்கள், நான் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரை, 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தைப் பார்க்கப் போனேன்.

மைக்கேலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை வரைந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட உருவங்கள், பெரும்பாலும் ஆடையில்லாதவை. முடிவதற்கு முன்பே, போப்பின் சடங்கு அதிகாரியாக இருந்த பியாஜோ தா செசேனா, இது குளியல் விடுதிக்கும் மதுக்கடைக்கும் தகும், தேவாலயத்துக்குத் தகாது என்று குறை சொன்னதாக வசாரி எழுதியிருக்கிறார். பதிலுக்கு மைக்கேலாஞ்சலோ அவரை நரகத்தின் நீதிபதி மினோஸாக, கழுதைக் காதுகளோடு, வலது கீழ் மூலையில் வரைந்து வைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார், உடம்பைச் சுற்றி ஒரு பாம்பு.

1563இன் கடைசியில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெண்ட் பொதுச்சங்கம், வழிபாட்டு இடங்களில் காமம் தூண்டும் அழகு கூடாது என்று தீர்மானம் போட்டது. 1564 பிப்ரவரியில் மைக்கேலாஞ்சலோ இறந்தார். அடுத்த வருடமே இந்தச் சுவரில் துணி வரையும் வேலை தொடங்கியது. அதைச் செய்தவர் தானியேலே தா வோல்தெர்ரா, மைக்கேலாஞ்சலோவின் நெருங்கிய நண்பர். அதனால் அவருக்கு 'கால்சட்டை போட்டுவிடுகிறவர்' என்று ஒரு பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு அந்தப் பெயர் அநியாயமாகப் படுகிறது. சுவரையே இடித்துவிடலாம் என்ற பேச்சு இருந்த காலம் அது. நண்பனின் படத்தில் கை வைத்தவர் அதைப் பிழைக்க வைத்தவராகவும் இருக்கலாம்.

அவர் பெரிதாக மாற்றியது இரண்டு பேரை: புனித கத்தரீனும் புனித பிளாசியஸும். குனிந்திருந்த கத்தரீனுக்குப் பின்னால் பிளாசியஸ் வளைந்து நின்றது பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரித் தோன்றியது போலும். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கத்தரீனுக்குப் பச்சை உடை போட்டு, பிளாசியஸின் தலையைக் கிறிஸ்துவை நோக்கித் திருப்பிவிட்டார். கீழிருந்து பார்த்தாலே அந்தப் பச்சை தனியாகத் தெரிகிறது. கொத்தி எடுத்ததால் அடியில் இருந்தது போயே போய்விட்டது. நல்லவேளையாக அதற்கு முன், 1549இல், மார்ச்செல்லோ வெனுஸ்தி எடுத்த சிறிய பிரதி நேப்பிள்ஸில் இருக்கிறது. 1994இல் முடிந்த சீரமைப்பில் பிற்காலத் துணிகள் பலவற்றை நீக்கினார்கள், தானியேலே வரைந்தவற்றை விட்டுவைத்தார்கள், அதுவும் வரலாறு என்று. நான் அந்த முடிவோடு ஒத்துப்போகிறேன், பச்சை உடை கண்ணை உறுத்தினாலும் சரி.

வியாழன், மாட்ரிட்

பிராதோவில் ஒரு விஷயம் எங்கும் பலகையில் பெரிதாக எழுதியிருக்காது. இந்த அருங்காட்சியகம் 1819இல் திறந்தது, 1827 முதல் 1838 வரை இங்கே ஒரு தனி அறை இருந்தது. நிர்வாண ஓவியங்களை எல்லாம் அதில் வைத்துப் பூட்டி, சிறப்பு அனுமதி உள்ளவர்களை மட்டும் விட்டார்கள். இன்று நடு அறைகளில் தொங்கும் டியூரரின் ஆதாமும் ஏவாளும் (1507), ரூபன்ஸின் 'மூன்று எழிலணங்குகள்' இரண்டும் அந்த அறையில் அடைபட்டிருந்தவைதான். அதற்கும் முன்னால் ஸ்பெயின் மன்னர்கள் மூன்றாம் கார்லோஸ், நான்காம் கார்லோஸ் காலங்களில் இப்படிப்பட்ட படங்களை எரித்துவிடலாம் என்ற யோசனையே வந்தது. அரசவை ஓவியர் மெங்ஸ் ஒருமுறையும், சாந்தா குரூஸ் பிரபு இன்னொரு முறையும் குறுக்கே நின்று காப்பாற்றினார்கள். மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று காரணம் சொல்லி சான் ஃபெர்னாந்தோ அகாதமிக்கு அனுப்பி வைத்தார்கள். ரூபன்ஸின் அந்த மூன்று பெண்களின் தொடையிலும் இடுப்பிலும் சதை குழிவிழுந்திருக்கும் இடங்களில் நீலமும் பச்சையும் மெலிதாக ஓடுகின்றன, தோலுக்கு அடியில் ரத்தம் இருப்பது போல. இதை யாரோ எரிக்க நினைத்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கோயாவின் இரண்டு மாஹாக்கள். மாஹா என்றால் மாட்ரிட்டின் பகட்டான, துணிச்சலான சாதாரணக் குடும்பத்துப் பெண். ஒரே பெண், ஒரே திவான், ஒன்றில் உடையோடு, ஒன்றில் உடையில்லாமல். உடையில்லாதது 1800க்குள் முடிந்துவிட்டது, முதலமைச்சராக இருந்த கோதோயின் அறையில் அது தொங்கியதை அந்த வருடமே ஒருவர் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 1808இல் எடுத்த பட்டியலில் 'ஜிப்சிப் பெண்கள்' என்று இருக்கிறது. மாஹா என்ற பெயர் அப்புறம் வந்தது. எப்படியும் வீனஸ் இல்லை. எந்தக் கதையும் இல்லை. அவள் இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, மறைக்க ஒரு விரலைக்கூட நகர்த்தாமல் நம்மைப் பார்க்கிறாள். உடல் முடியைக்கூட உள்ளபடி வரைந்திருக்கிறார், அதுவரை ஐரோப்பிய ஓவியத்தில் தேவதைகளுக்கு அது பெரும்பாலும் இருந்ததில்லை. கோதோய் வீழ்ந்த பின் படங்கள் பறிமுதலாயின. 1815இல் மதவிசாரணை மன்றம் கோயாவை அழைத்து, இதை ஏன் வரைந்தாய், யாருக்காக வரைந்தாய் என்று விளக்கம் கேட்டது. அவர் என்ன பதில் சொன்னார் என்பதற்கு ஆவணம் இல்லை. இந்த இரண்டு படங்களும் பிராதோவுக்கு வந்தது 1901இல்தான்.

வெள்ளி, லண்டன்

நேஷனல் கேலரி வெள்ளிக்கிழமைகளில் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், அதை நம்பித்தான் வந்தேன். வெலாஸ்கெஸின் 'ரோக்பி வீனஸ்' மட்டும். அவர் வரைந்த நிர்வாணங்களில் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள், மன்மதன் பிடித்திருக்கும் கண்ணாடியில் முகம் தெரிகிறது. தெரிகிறது என்றா சொன்னேன், மங்கலான ஒரு புகை. யார் என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பது போல.

1914 மார்ச் 10 அன்று, பெண்கள் வாக்குரிமைப் போராளி மேரி ரிச்சர்ட்சன் இறைச்சி வெட்டும் கத்தியால் இதைப் பல இடங்களில் வெட்டினார். இயக்கத் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்டைக் கைது செய்ததற்கு எதிர்ப்பு. ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. பல வருடங்கள் கழித்து 1952இல், ஆண்கள் நாள் முழுக்க இந்தப் படத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றது தனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னார். வெட்டு விழுந்த முதுகில் இன்று தழும்பைத் தேடினால் எளிதில் கண்ணில் படாது, அவ்வளவு நேர்த்தியாகச் சரிசெய்திருக்கிறார்கள். ஒரு ஓவியத்தை வெட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது. ஆனால் யார் பார்க்கிறார்கள், யாரைப் பார்க்கிறார்கள் என்று அவர் கேட்ட கேள்வி இந்த ஊரில் பழைய கேள்வி. ராயல் அகாதமி என்ற கலைக் கழகத்தை 1768இல் தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஆஞ்சலிக்கா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆண் மாடலை வைத்து வரையும் வகுப்பில் உறுப்பினர்கள் எல்லாரும் கூடியிருப்பதாக ஸோஃபனி 1770களின் தொடக்கத்தில் ஒரு படம் வரைந்தார். அதில் இவர்கள் இருவரும் சுவரில் மாட்டிய உருவப்படங்களாக மட்டுமே இருக்கிறார்கள், ஏனென்றால் அந்த அறைக்குள் பெண்கள் வரக் கூடாது. வருகிற ஒரே பெண் மாடலாகத்தான் வர முடியும்.

ஞாயிறு, பாரிஸ்

ஓர்சே அருங்காட்சியகம். ஒரே வருடத்தில், 1863இல், வரையப்பட்ட இரண்டு பெண்கள் இந்த ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். கபனெலின் 'வீனஸின் பிறப்பு': அலை மேல் மிதக்கிற, எலும்பே இல்லாத, கண்ணைப் பாதி மூடிய பெண். அந்த வருட அரசுக் கண்காட்சியிலேயே பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வாங்கிக்கொண்டார். மானேயின் 'ஒலிம்பியா': 1865 கண்காட்சியில் வைத்தபோது கூட்டம் கொதித்துப் போனது, காவல் போட்டார்கள், கடைசியில் கை எட்டாத உயரத்துக்கு, ஒரு வாசலுக்கு மேலே தூக்கி மாட்டினார்கள்.

இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் தெரியும், உடம்பு அதிகம் தெரிவது கபனெலில்தான். ஒலிம்பியா உர்பினோவின் அதே தோரணையில்தான் படுத்திருக்கிறாள், மானே இளம்வயதில் டிஷியனின் அந்தப் படத்தைப் பிரதி எடுத்தவர். ஆனால் இங்கே கை மென்மையாக மடிந்து கிடக்கவில்லை, விரித்து அழுத்தி வைத்திருக்கிறாள், கதவைச் சாத்துவது போல. கழுத்தில் கறுப்பு நாடா, ஒரு காலில் மட்டும் செருப்பு, தூங்கும் நாய் இருந்த இடத்தில் முதுகை வளைத்து விழித்து நிற்கும் கறுப்புப் பூனை. நிழலே இல்லாத தட்டையான வெளிச்சம் உடம்பில். நீ யார், எதற்கு வந்தாய் என்று பார்க்கிறாள். பாரிஸ்காரர்களுக்கு அவள் யார் என்று தெரியும், விலை கொடுத்து வாங்கும் பெண், தாங்களே போய் வந்த அறை. அதுதான் தாங்க முடியவில்லை.

மாடலாக இருந்தவர் விக்டோரின் மூரன். அவரும் ஓவியர். 1876இல் அரசுக் கண்காட்சியில் அவர் படத்தை ஏற்றுக்கொண்டார்கள், அதே வருடம் மானேயின் படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பூங்கொத்தோடு நிற்கும் கறுப்பினப் பெண்ணின் பெயர் லோர். மானே தன் குறிப்பேட்டில் அந்தப் பெயரை எழுதி வைத்திருக்கிறார். நூறு வருடத்துக்கும் மேல் விமர்சகர்கள் பூனையைப் பற்றி எழுதிய அளவுக்கு இவரைப் பற்றி எழுதவில்லை. 2019இல் இதே அருங்காட்சியகம் கறுப்பின மாடல்களைப் பற்றித் தனிக் கண்காட்சி வைத்தது. தாமதம்தான், ஆனாலும் நடந்தது.

திங்கள், பாரிஸ்

ஓர்சே விடுமுறை, அதனால் மொன்மார்த்தர் ஏறிப் போனேன். கோர்த்தோ தெருவில் 12ஆம் எண், இன்று மொன்மார்த்தர் அருங்காட்சியகம். சூசான் வாலதோனின் ஸ்டூடியோ அங்கே மறுபடி அமைக்கப்பட்டிருக்கிறது: பெரிய சன்னல், நடுவில் கணப்பு அடுப்பு, சுவரோரம் கேன்வாஸ்கள். இவர் ரெனுவாருக்கும் துலூஸ் லோத்ரெக்குக்கும் மாடலாக நின்றவர். எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை, பாரிஸின் நுண்கலைப் பள்ளி பெண்களைச் சேர்த்ததே 1897இல்தானே. மாடலாக நின்றுகொண்டே பார்த்துக் கற்றுக்கொண்டார்.

1909இல் அவர் வரைந்த 'ஆதாமும் ஏவாளும்' பாம்பிடு மையத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஏவாள் அவரேதான், ஆதாம் அவரை விட இருபத்தொரு வயது இளையவரான அவர் காதலர் உத்தேர். இருவரும் முழு நிர்வாணமாகத்தான் முதலில் இருந்தார்கள், பழைய புகைப்படம் இருக்கிறது. 1920 கண்காட்சியில் வைக்க, ஆதாமின் இடுப்பில் மட்டும் இலைக்கொடி வரைய வேண்டியிருந்தது. ஏவாளுக்குத் தேவைப்படவில்லை. ஒரு பெண் வரைந்த ஆணின் உடம்பு என்பதுதான் பிரச்சினை, வேறு எதுவும் இல்லை.

செவ்வாய், கெண்ட்

புனித பாவோ பேராலயத்தில் வான் ஐக்கின் பலிபீட ஓவியம், 1432. மேல் வரிசையின் இரண்டு ஓரங்களில் ஆதாமும் ஏவாளும் நிற்கிறார்கள். ஆதாமின் கைகளைப் பாருங்கள். முகமும் மணிக்கட்டுக்குக் கீழேயும் சிவந்து கறுத்திருக்கிறது, மற்ற உடம்பு வெளுத்திருக்கிறது. வெயிலில் வேலை செய்து, சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்ற ஒரு ஆள்! உலகின் முதல் மனிதனுக்குச் சட்டை ஏது? வான் ஐக் எதிரே இருந்தவனை உள்ளபடி வரைந்துவிட்டார். காலில் உள்ள முடிகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. பலிபீடத்தை உயரத்தில் வைப்பார்கள் என்பதால் கீழிருந்து பார்க்கிற கோணத்தில், ஆதாமின் உள்ளங்கால் சட்டத்தைத் தாண்டி வெளியே அடி வைப்பது போல வரைந்திருக்கிறார்.

1781இல் இங்கே வந்த பேரரசர் இரண்டாம் யோசேப்புக்கு இது பிடிக்கவில்லை, பலகைகளைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். 1860களில் விக்டர் லாஜி என்பவர், இருவருக்கும் விலங்குத் தோலைப் போர்த்திப் பிரதிகள் செய்தார். அவையும் இதே பேராலயத்தில் இருக்கின்றன. போய்ப் பாருங்கள், முகம், கை, கால் எல்லாம் அப்படியேதான், தோலாடை மட்டும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்த ஆள் காணாமல் போய்விட்டான்.

வியாழன், பிரெமன்

கோலோனில் ரயில் மாறி வந்தேன். போட்ஷர் தெருவில் செங்கல் கட்டடத்துக்குள் பாலா மோடர்சோன்-பெக்கர் அருங்காட்சியகம், 1927இல் திறந்தது. ஒரு பெண் ஓவியருக்கென்றே உலகில் கட்டிய முதல் அருங்காட்சியகம் இதுதான்.

1906 பிப்ரவரியில் கணவரை விட்டுப் பாரிஸுக்குப் போன பாலா, அந்த மே மாதம் தன்னைத்தானே இடுப்புவரை ஆடையில்லாமல் வரைந்துகொண்டார். பெண் ஒருத்தி தன்னை நிர்வாணமாக வரைந்த முதல் படமாக இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். கழுத்தில் ஆம்பர் மணிமாலை, பின்னால் பச்சைப் புள்ளிகள் தெளித்த மஞ்சள் சுவர், இரண்டு கைகளும் வயிற்றை அணைத்தபடி. கர்ப்பிணி போல இருக்கிறது, ஆனால் அப்போது அவர் கர்ப்பமாக இல்லை. மணியின் மேல் விழும் வெளிச்சம் ஒவ்வொன்றும் ஒரு தடித்த தீற்றல், முகத்தில் லேசாகச் சாய்ந்த ஒரு விசாரிப்பு. இங்கே வீனஸ் என்று பெயர் சூட்ட யாருக்கும் வழியில்லை. கீழே அவரே எழுதி வைத்திருக்கிறார், முப்பது வயதில் என் ஆறாவது திருமண நாளில் இதை வரைந்தேன் என்று. கையெழுத்து பா.பெ., கணவர் பெயரை விட்டுவிட்டார். அடுத்த வருடம் நவம்பரில், குழந்தை பிறந்து மூன்று வாரத்துக்குள் இறந்துபோனார், வயது 31. 1937இல் நாஜிகள் அவருடைய ஓவியங்கள் பலவற்றைச் 'சீரழிந்த கலை' என்று பறிமுதல் செய்தார்கள்.

அதே வருடம் வரைந்த 'படுத்திருக்கும் தாயும் சேயும்' படமும் இங்கே இருக்கிறது. டிஷியன், கோயா, மானே எல்லாரும் படுக்க வைத்த அதே நிலைதான், ஆனால் இந்தப் பெண் நம் பக்கமே பார்க்கவில்லை. கனத்த உடம்பு, கனத்த கால்கள், குழந்தையைச் சுற்றி வளைந்து தூங்குகிறாள். உஃபிஸியிலும் பிராதோவிலும் நான் பார்த்த எந்தப் படத்துக்கும் இது குறைந்ததில்லை, அந்தப் பெரிய அறைகளில் அவற்றுக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டிய படம். பிரெமன் வழியாகப் போகிறவர்கள் அடுத்த ரயிலில் போய்க்கொள்ளலாம், இறங்கிப் பாருங்கள். திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும்.